ஒரே சாப்பாடு

"ரெண்டு வாரமா வெறும் வயித்துலயே சர்க்கரை இருநூறுக்கு மேல காட்டுது. ஒளிச்சு வெச்சு எதாவது சாப்பிடுறீங்களாம்மா?" மீட்டரில் பதிவாகியிருந்த எண்களைத் தள்ளிப் பார்த்தபடியே நர்ஸ் கேட்டாள்.

ஏழு மாதக் கர்ப்பிணி தலை குனிந்துகொண்டாள்.

"சத்தியமா இல்லை சிஸ்டர்," என்றான் கணவன். "நீங்க எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு வாய் கூடச் சாப்பிடலை. துணைக்கு நானும் அதையேதான் சாப்பிடுறேன்."

மனைவிக்காகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை அவனே குடித்துக் காலி செய்திருந்தான்.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? டாக்டர் இன்சுலின் எழுதிட்டாங்க. போடுறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை பாத்துடுறேன். கையைக் கொடுங்க."

நர்ஸ் அவள் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள். மறு கையையும் வாங்கிப் பார்த்தாள். தினம் நாலு தடவை குத்திய விரல்களில் ஒரு புள்ளி கூட இல்லை.

"எங்கதான் குத்துறீங்க?"

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் தயங்கித் தயங்கித் தன் கைகளை விரித்தான். பத்து விரலிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

"ஊசியைக் கண்டாலே இவ மயங்கிடுறா சிஸ்டர். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானே, ரீடிங் மட்டும் எப்படி மாறும்னு..."

நிரப்பி வைத்திருந்த இன்சுலின் ஊசியை நர்ஸ் தட்டோடு தள்ளி வைத்தாள். கர்ப்பிணியைக் கண்ணை மூடச் சொல்லி, விரலில் குத்திப் பார்த்தாள். எண்பத்தெட்டு.

அவன் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே, இவ வாயைக் கட்டித்தான் இருக்கா."

நர்ஸ் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நீங்க உக்காருங்க சார். அந்த இருநூறு உங்களோடது."