முந்திக்கொண்ட தீபம்

கார்த்திகை தீபத்தன்று கஸ்தூரி தன் பிரவுசிங் சென்டரில் மற்ற கம்ப்யூட்டர்களையெல்லாம் நிறுத்தி, இன்டர்நெட் முழுவதையும் ஒன்றுக்கே கொடுத்தாள். வருஷாவருஷம் திக்கித் திணறும் நேரடி ஒளிபரப்பு இந்த முறை தண்ணீராய் ஓடியது. திரையில், மலையுச்சியில் தீபம் எரிந்தது. "அரோகரா!" என்று துள்ளி ஓடி, வாசலில் அகலை ஏற்றினாள்.

"மலையில ஏத்துனப்புறம்தானே நாம ஏத்தணும்? இன்னாக்கா அவசரம்?" என்றான் பக்கத்துப் பூக்கடை முருகவேல்.

நிமிர்ந்து பார்த்தாள். மலை இருட்டாக இருந்தது. பிறகுதான் உச்சியில் சுடர் எழுந்தது. ஊரே ஆர்ப்பரித்தது.

"பாத்தியா, நம்ம லைன் ஸ்பீட!" என்று சிரித்தபடி உள்ளே வந்தாள். திரையில் இப்போது அவள் கடை வாசல் தெரிந்தது. அகல் அணைந்து புகைந்துகொண்டிருந்தது.

வெளியே ஓடினாள். அகல் அசையாமல் எரிந்தது. இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிக் குவித்து, காற்றுக்காகக் காத்திருந்தாள்.