ரத்தினம் சார் வாசலில் ஜல்லி

"மொட்டை மனு போட்டது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

சுந்தரபாண்டியின் கையில் நகராட்சி நோட்டீஸ் இருந்தது. பேர் போடாத ஒரு புகார் வந்திருக்கிறதாம்; அனுமதி இல்லாமல் மாடி எழுப்புவதால் வேலையை உடனே நிறுத்த வேண்டுமாம்.

அவர் கத்தியது பக்கத்து வீட்டைப் பார்த்து. அங்கே ரத்தினம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவில் யார் வீடு கட்டினாலும் போகிற போக்கில் கண்ணாலேயே அளந்துவிடுவார் என்று பேர்.

சுந்தரபாண்டிக்குச் சொந்த ஊர் பரளச்சி. அங்கே இருந்த மானாவாரிக் காட்டில் பாதியை விற்றுத்தான் அருப்புக்கோட்டையில் இந்தப் பழைய வீட்டை வாங்கினார். அவர் எதிர்த்த வீட்டில் குடியிருக்க, இதில் கீழே இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. மேலே இரண்டு வீடு எழுப்பி, தைக்குள் ஆள் வைத்துவிட்டால் அப்புறம் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்பது அவர் கணக்கு.

"பிளான் அப்ரூவல் வாங்கிட்டு ஆரம்பிங்க" என்று மனைவி முருகேஸ்வரி அப்போதே சொன்னாள்.

"அதுக்கு ஒரு இன்ஜினியரு, அவரு போடுற படம், படத்துக்கு நாலு கையெழுத்து. அதுக்குள்ள தை போயி ஆடி வந்திரும். நாம என்ன அரண்மனையா கட்டுறோம்?"

செப்டிக் டேங்க் வேலை முடிந்த மறுநாள் கொத்தனார் ஜான்ராஜும் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, தெக்குச் சுவரு மாடியத் தாங்குமான்னு ஒரு இன்ஜினியரக் கூப்பிட்டுப் பாத்துக்கிட்டா..."

"அறுவது வருசமா நிக்கிற சுவருய்யா. உனக்குப் பயமா இருந்தாச் சொல்லு. ஆஸ்டின் கொத்தனாரு நாளைக்கே வாரேங்கிறாரு."

ஜான்ராஜ் கரண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

இப்போது நோட்டீஸைப் பார்த்ததும் சுந்தரபாண்டிக்கு ஜான்ராஜ் மேல் இரக்கம் வந்தது.

"அந்தாளு என் வயித்துல மட்டுமா அடிச்சாரு? உனக்கும்ல வேலை போச்சு."

"விடுங்கண்ணாச்சி. ரத்தினம் சார் அப்படிப்பட்டவுக இல்ல."

"நீ ஒரு வெள்ளந்தி. போ."

ஏற்கெனவே சொல்லிவைத்த ஒரு லோடு ஜல்லி அன்று சாயங்காலம் வந்தது. தன் வாசல் காலியாகக் கிடக்க, ரத்தினம் வாசலை அடைத்துக் கொட்டச் சொன்னார் சுந்தரபாண்டி. ரத்தினத்தால் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியவில்லை.

"சுந்தரபாண்டி, இது எத்தனை நாளைக்கு இங்க கிடக்கும்?"

"அதையும் மனு எழுதிக் கேளுங்க சார்."

ரத்தினம் ஸ்கூட்டரை உள்ளேயே நிறுத்திப் பூட்டினார். மறுநாளிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்தே போனார். அதைப் பார்க்கப் பார்க்க சுந்தரபாண்டிக்குக் காப்பி கொஞ்சம் கூடுதலாக இனித்தது.

வேறு வழியில்லாமல் இன்ஜினியர் வைத்து, படம் போட்டு, விண்ணப்பம் கொடுத்தார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் தெற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. விரல் உள்ளே போனது.

கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். பிறந்ததிலிருந்து பரளச்சிக் காட்டில் அதைப் பார்த்து வளர்ந்தவர்தான் சுந்தரபாண்டி. வாங்கிய வீட்டுக்குக் கீழேயும் அதே மண்தான் இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"மாடிய ஏத்தியிருந்தீகன்னா அம்புட்டும் கீழ இருக்குற பிள்ளைக மேலல்ல வந்திருக்கும்" என்றாள் முருகேஸ்வரி.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாடகைக்கு இருந்தவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

கரிசலுக்கு அடியில் கெட்டியான சரளை தட்டும் வரை தோண்டித் தூண் எழுப்புவதாகப் படத்தை மாற்றிய பிறகு, ஒருவழியாக அனுமதி வந்தது. வாங்கப் போனார்.

நகராட்சி ஆய்வாளர் உதயகுமார் ஃபைலைப் புரட்டினார்.

"எத்தனையோ மொட்டை மனு வரும், குப்பைக்குப் போகும். இது விவரமா இருந்துச்சு. அதான் உடனே வந்து பாத்தேன். எழுதுன ஆளுக்கு ஒரு கும்பிடு போடுங்க."

"பக்கத்து வீட்டு ரத்தினம்தான சார்?"

"பேரு போடலைங்க. நீங்களே படிச்சுப் பாருங்க."

நாலே வரிதான் இருந்தது.

'தெற்குச் சுவருக்கு அஸ்திவாரம் இரண்டடிதான். கரிசலோடு நின்றுவிட்டது, சரளை வரை போகவில்லை. கீழே சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேலையை நிறுத்துங்கள்.'

சுந்தரபாண்டி இரண்டு தடவை படித்தார். ரத்தினம் கண்ணாலேயே அளக்கிறவர்தான். ஆனாலும் மண்ணுக்குள் இருப்பதை எந்தக் கண்ணால் அளந்திருப்பார்?

வெளியே வந்து போன் போட்டார்.

"ஜான்ராஜு, வேலையில இருக்கியா?"

"எங்கண்ணாச்சி? நாப்பது நாளா வீட்டுலதான் இருக்கேன். உங்க வேலைய நம்பி வேற எதுவும் ஒத்துக்கல."

"செப்டிக் டேங்குக்குத் தெக்குச் சுவரோரம் குழி எடுத்தோம்ல. அன்னைக்கு அதுக்குள்ள யாரு யாரு இறங்குனது?"

ஜான்ராஜ் குரல் இறங்கியது.

"நான் மட்டுந்தான் அண்ணாச்சி."

சுந்தரபாண்டி அனுமதித் தாளை மடித்துப் பையில் வைத்தார். 

"நாளைக்கு வேலைக்கு வந்திரு. ஆனா வெள்ளன வராத, பைய எட்டு மணிக்கு வா. அதுக்குள்ள ரத்தினம் சார் வாசல்ல கிடக்குற ஜல்லிய நான் நம்ம வாசலுக்கு அள்ளிப் போட்டுர்றேன்."