மாற்றாத பாஸ்வேர்ட்

நெட்வொர்க் பாதுகாப்புத் தேர்வில் தேறிப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர்காரர், தபால் பிரிவு அக்காவின் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, ஆபீஸ்லயே நீங்க மட்டும்தான் இன்னும் பாஸ்வேர்டை மாத்தல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு புது விதி வந்திருக்கே, அதுக்கான கெடு முடிஞ்சு போச்சு."

"அதையே வச்சுக்கறேனே தம்பி. என் பொண்ணு பேரு அது."

அவர் சிரித்துவிட்டார். "வீட்டு ஆளுங்க பேரை வைக்கவே கூடாதுக்கா. யாரு வேணா கண்டுபிடிச்சிடுவாங்க. மாத்தினா பாப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா!"

"கோவிச்சுக்க அவ இல்லையே தம்பி. போய் ரெண்டு வருஷமாச்சு."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது.

"நான் உடைஞ்சு போயிடுவேன்னு வீட்டுல யாரும் அவ பேரை எடுக்கறதில்ல. அவங்க உடைஞ்சுடுவாங்கன்னு நானும் எடுக்கறதில்ல. காலையில இங்க வந்து ஒரு தடவை அடிக்கறதோட சரி."

விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பழசை அப்படியே வைக்க முடியாதுக்கா. ஆனா நீளமா இருந்தா கண்டுபிடிக்கறது கஷ்டம். அவ பேரோட, அவகிட்ட சொல்ல நினைக்கறதையும் சேர்த்து அடிங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வேற ஏதாவது சொல்லுங்க."

"எவ்வளவு அடிக்கலாம்?"

"அறுபது எழுத்து வரைக்கும்."

அடுத்தவர் பாஸ்வேர்டைப் பார்க்கக் கூடாது என்பதால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விசைகளின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றது.

"தம்பி," என்றாள் அவள், "இடம் பத்தலையே."