காற்றுப் பட்ட பேட்டரி

“போன மாசம் போட்ட பேட்டரி அதுக்குள்ள காலி! ஒண்ணு உங்க சரக்கு மட்டம், இல்ல இவ நாள் முழுக்க ஊர்வம்பு கேக்கறா!”

காது மிஷின் கடையில் கணவர் எரிந்து விழுந்தார். கடைக்காரப் பெண் புது பேட்டரியைப் போட்டு, மிஷினை அவர் மனைவியின் காதில் மாட்டினாள்.

“அம்மா, தினம் எவ்வளவு நேரம் போடுவீங்க?”

“சாயங்காலம் மட்டும்தாம்மா. மத்த நேரம் பேட்டரியைக் கழட்டி டப்பாவுல பத்திரமா வச்சிருவேன்.”

“அடடா! இது காத்துல ஓடுற பேட்டரிம்மா. மேல இருக்கற ஸ்டிக்கரைப் பிரிச்சதுமே காத்து உள்ள போயிடும். அப்புறம் கழட்டி வச்சாலும் தீர்ந்துக்கிட்டேதான் இருக்கும்.”

கணவர் சிரித்தார். “கஞ்சத்தனத்துக்கும் மூளை வேணும்டி. அப்படி யாருக்காக மிச்சம் பிடிச்சே?”

“நீங்க ஆபீஸ் விட்டு வந்து ஏதாவது பேசுவீங்க. அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துடக் கூடாதேன்னுதான்.”

திரும்பும்போது காரில் அவள் மிஷினைக் கழட்டவில்லை. எப்படியும் தீரத்தானே போகிறது!

வீடு வரும்வரை அவளிடம் சொல்ல ஏதாவது ஒன்றைத் தேடிக்கொண்டே வண்டியை ஓட்டினார் அவர்.

ஒன்றும் அகப்படவில்லை.