புஷ்பவள்ளியின் நிரை

நிரையில் ஒரு பழம்கூடக் கிடக்கவில்லை.

ஷாமளா வாளியோடு அந்த மர வரிசையில் அடுத்த மரத்தடிக்குப் போனாள். அங்கேயும் இல்லை. நேற்றுக் குலை வெட்டிய செம்பனை மரங்கள். அடியில் சிவப்புச் சிவப்பாக உதிர்ந்து கிடக்க வேண்டும். தரையோ பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி இருந்தது.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே, இந்த நிரையில் பழம் பொறுக்கும் புஷ்பவள்ளியைக் காணோம். அவங்க முன்னாடியே காட்டுக்குப் போயிட்டாங்க மிஸ் என்று, ஆட்களை வேலை வாங்கும் சன்னாசி மண்டோர் சொல்லியிருந்தார்.

அசாம் ஜாவா என்ற ஊரைத் தாண்டி உள்ளடங்கிக் கிடக்கிற இந்தத் தோட்டத்துக்குப் பயிற்சி அதிகாரிகளாக வந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் பட்டதாரிகள். மூன்று மாதத்துக்கு எல்லா வேலையையும் கையால் செய்து பழக வேண்டும் என்றதும் திருச்செல்வம் மூன்றாம் நாளே பையைத் தூக்கிவிட்டான்.

"டிகிரி முடிச்சிட்டு பழம் பொறுக்கவா? நீயே பொறுக்குலா" என்று போகும்போது சிரித்தான்.

மற்ற இருவரும் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் அழுக்குப் படக்கூடாது என்று, எல்லோரும் பெரிய துரை என்று சொல்லும் மேனேஜர், ஷாமளாவின் மூஞ்சிக்கு நேராகவே சொன்னார்.

ஷாமளாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டதாரி என்றால் என்ன, கை இல்லையா?

கை வேலை அவளை ஒன்றும் செய்துவிடவில்லை. முள் குத்தியது. நகக்கண்ணில் கறை ஏறியது. இடுப்பு விட்டுப்போனது. எல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

பழகாதது வேறு. நாலு பேருக்கென்று கொடுத்த பெரிய வீட்டில் அவள் ஒருத்தி. வேலை விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. புக்கிட் செந்தோசாவிலிருந்து அம்மா கூப்பிடும்போது, இங்க எல்லாரும் நல்லா பழகுறாங்கம்மா என்று வாய் கூசாமல் புளுகுவாள். ஒன்பது மணிக்கு ஆட்கள் பொட்டலம் பிரிக்கிற இடத்தில் அவள் தலை தெரிந்தால் போதும், சிரிப்பும் பேச்சும் அப்படியே அடங்கிவிடும்.

முதல் நாள் கையுறையை மாட்டப் போனவளிடம், "உதறிட்டுப் போடுங்க மிஸ், உள்ள தேளு இருக்கும்" என்று சொன்னவர் புஷ்பவள்ளி ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டிய மனுஷி. உதிர்ந்த பழம் பொறுக்கி வயிறு வளர்ப்பவர்.

இந்த ஊரில் அவள்மீது அக்கறைப்பட்டு ஒருவர் சொன்ன ஒரே வாக்கியம் அது. தனியாகக் கிடக்கிறவளுக்கு அது போதாதா? ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

பழம் பொறுக்கப் பழகுவதற்கு ஒரு வாரம்தான் கொடுத்திருந்தார்கள். ஷாமளா மூன்று வாரமாகியும் புஷ்பவள்ளியின் நிரையை விடவில்லை. தினமும் போய், அவர் பொறுக்கி முடித்த மரத்தடியில் மறுபடியும் குனிந்து, புல்லுக்குள் விட்டுப்போனதைத் தேடித் தேடி எடுத்து, அவர் சாக்கிலேயே போட்டாள். கூடக் குனிந்து வேலை செய்தால் ஒரு நாளாவது தன்னோடு உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிடமாட்டாரா? அவ்வளவுதான் அவள் ஆசை.

நாளாக ஆகப் புஷ்பவள்ளியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கூச்சமாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று இவளே தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இன்றைக்குத் தரை இப்படிச் சுத்தமாகக் கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆன்ட்டி முன்னாடியே வந்து வேலையை முடித்திருக்கிறார். இரண்டு பேரும் ஆற அமர உட்கார்ந்து பேசத்தான், வேறெதற்கு?

நிரையின் கடைசியில் புஷ்பவள்ளி நின்றிருந்தார். காலடியில் இரண்டு சாக்கு நிறையப் பழம். விடிந்து வெளிச்சம் வந்த பிறகும் நெற்றியில் கட்டிய விளக்கை அவர் அவிழ்க்கவில்லை.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா ஆன்ட்டி?"

புஷ்பவள்ளி கிட்டே வரவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அஞ்சு மணிக்கே வந்துட்டேன் மிஸ். மகளையும் எழுப்பிக் கூட்டியாந்து பொறுக்கினேன். ஒண்ணுகூட விடல, நல்லா பாத்துக்குங்க. இருபத்தெட்டு வருசத்துல எந்தத் தொரையும் என் நெரையில குனிஞ்சு பாத்ததில்ல. நீங்க தெனமும் குனியிறீங்க. என்னைய வேலையில இருந்து நிப்பாட்டிறாதீங்க மிஸ்."

ஷாமளா அவர் காலடியில் இருந்த சாக்கைப் பார்த்தாள்.

மூன்று வாரமாக அவர் கண்முன்னாலேயே ஒவ்வொரு பழமாக எடுத்திருக்கிறாள். அத்தனையும் அவர் செய்த குற்றமாக அந்தச் சாக்கில் விழுந்திருக்கிறது.

நான் அதுக்காக வரல ஆன்ட்டி என்று சொல்ல வாயெடுத்தாள். புஷ்பவள்ளியின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குக் கேட்க வேண்டியது அதுவல்ல என்று தெரிந்தது.

ஷாமளா வாளியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து, நிரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். துரைமார் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு. ஒரு கொறையும் இல்ல. இனிமே நான் வந்து பாக்கவேண்டியதில்ல."

புஷ்பவள்ளி சிரித்தார். முகம் முழுக்கச் சிரித்தார்.

ஐந்து மணியிலிருந்து குனிந்த உடம்பு, இன்னும் நின்றுகொண்டே இருந்தது. தான் போனால்தான் அந்த மனுஷி உட்காருவார் என்று தெரிந்து, ஷாமளா வேகமாக நடந்தாள்.