காத்து பத்தல

“குடும்பத்தோட போற டூருங்க இது. இதுல உங்க பட்டப் பை எதுக்கு?”

கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தப் பை. ஆள் நீளம். கடலில் பட்டத்தைப் பறக்கவிட்டு, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்று சறுக்குகிற கைட்சர்ஃபிங் என்றால் அவள் புருஷனுக்கு உயிர்.

“தீவுக்குப் போயிட்டு, கைட் இல்லாம எப்படி?”

“அப்பா முதல் தடவையா நம்மகூட வர்றார். அவரைப் பார்த்துக்கணும். நீங்க பாட்டுக்குக் கடல்ல பறந்துக்கிட்டு இருந்தா?”

“பையை யாரும் தொடாதீங்க. துணி கிழிஞ்சிடும்.” அவ்வளவுதான் பதில்.

அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் தெரு நாய்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள். போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டதிலிருந்து, நடந்தால் மூச்சு வாங்கியது. ‘நடங்க, ஆனா நின்னு நின்னு நடங்க’ என்று டாக்டர் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஏர்போர்ட் வாசலில் அவள் சக்கர நாற்காலி கேட்கப் போனாள். வந்ததே கோபம்.

“யாருக்கு? நான் என்ன நோயாளியா? இன்னொரு தடவை அந்தப் பேச்சு வந்தா, இப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன். அப்புறம் என்னை எங்கேயும் கூப்பிடாதே.”

அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

புருஷன்தான் மானத்தை வாங்கினான். கவுன்ட்டர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இடத்தில் பையை இறக்கிவைத்தான்!

“மாமா, ஒரு நிமிஷம். பை கனக்குது.”

“இதுக்கேவா மாப்பிள்ளை? என்கிட்ட படிச்சிருந்தீங்கன்னா, கிரவுண்டைச் சுத்த விட்டே உங்களைத் தேத்தியிருப்பேன்.” அப்பா சிரித்துக்கொண்டே பைமேல் உட்கார்ந்தார். “பலகை உடைஞ்சிடாதே?”

“உங்க வெயிட்டுக்கா? நல்லா உக்காருங்க மாமா.”

தீவிலும் இதே கூத்துதான். அறையிலிருந்து கடற்கரைக்கு மணல் பாதை. காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவான். நாலு எட்டு வைப்பான், இறக்குவான். முன்னால் ஓடிப் போன மகள் திரும்பி வந்து, “இன்னுமாப்பா?” என்பாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவும் சுமந்து போய், கரையில் நின்று விரலை எச்சில் பண்ணிக் காற்றில் நீட்டுவான். உதட்டைப் பிதுக்குவான்.

“காத்து பத்தல.”

“அதோ ஒருத்தர் பறக்கிறாரே!” என்றாள் மகள்.

“அவரோடது பெரிய பட்டம்டா கண்ணு. நம்மளது சின்னது. அதுக்கு இந்தக் காத்து பத்தாது.”

சொல்லிவிட்டு, அந்தப் பட்டம் புள்ளியாகிற வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

“பத்தாதுன்னு தெரியுதில்ல? நாளைக்காவது ரூம்லயே வச்சிட்டு வாங்களேன்” என்றாள் இவள்.

“திடீர்னு அடிச்சா?”

அன்றோடு அவனுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். “உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று மகள் வழியாகத்தான் சேதி போனது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று படகு சீக்கிரமே துறைக்கு வந்துவிட்டது. அவன் பெட்டிகளையும் மகளையும் இழுத்துக்கொண்டு அறையிலிருந்து முன்னால் ஓடினான்.

“படகைப் பிடிச்சு வைக்கிறேன். பைக்கு நானே வரேன், தொடாதே! மாமா, நான் வர்ற வரைக்கும் உக்காந்திருங்க!”

அவன் தலை மறைந்ததும் படகுக்காரன் விசில் ஊதினான்.

டிரில் மாஸ்டர் விசிலுக்கு உட்கார்ந்திருப்பாரா? “வா வா, நட!” என்று அப்பா கிளம்பிவிட்டார்.

“அப்பா, மெதுவா!”

கேட்டால்தானே. போகிற போக்கில் இந்தச் சனியன் பிடித்த பை வேறு. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டித் தூக்கினாள்.

பை விர்ரென்று மேலே வந்தது. அந்த வேகத்தில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜிப்பைத் திறந்தாள்.

பட்டமும் இல்லை, பலகையும் இல்லை. வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தபோது கூடவே வந்த தெர்மாகோல் கட்டைகள். ‘தூக்கிப் போடுங்க’ என்று அவள் தினம் நச்சரித்தவை. அதற்குமேல் ஒரு தலையணை.

வாசலுக்கு வெளியே, கொஞ்ச தூரத்தில், அப்பா ஒரு மரத்தைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றார். தோள் ஏறி ஏறி இறங்கியது. காற்றை வாயால் அள்ளிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாளும் பையை இறக்கிவைத்தவனைத்தான் பார்த்திருந்தாள். அதன்மேல் உட்கார்ந்தவரைப் பார்க்கவேயில்லை.

ஜிப்பை மூடினாள். பையைத் தோளில் ஏற்றி, இடுப்பை வளைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் அப்பா மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன... நிக்கறே? நட!”

அவர் காலடியில் பையை மெல்ல இறக்கிவைத்தாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“முடியலப்பா. என்னமா கனக்குது! ஒரு நிமிஷம் நிக்கலாம்.”

துறையில் ஒரு காலைப் படகிலும் ஒரு காலைப் படியிலும் வைத்து நின்றிருந்தவன், அவள் பையை இறக்குவதைப் பார்த்தான். ‘மெதுவா வாங்க’ என்று கையை ஆட்டினான்.

அப்பா பைமேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூச்சு ஒரு நிலைக்கு வந்தபிறகு அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

“சரியாப் போச்சு. புருஷனுக்கேத்த பொண்டாட்டி! ரெண்டு பேருக்கும் உடம்புல தெம்பே கிடையாது.”