தங்கக் கை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டே கேட்கலாம். கதை சின்னதுதான், அதில் வருகிற ஒருத்தியின் நாக்குதான் கொஞ்சம் நீளம்.

“என்ன டெய்லரக்கா, ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டுறீங்களா? இது மனுஷ உடம்பு. பிசகிப் போச்சுன்னா ஓரம் மடிச்சுத் தைக்க முடியாது!”

இப்படிக் கேட்டவள் மைக்ரான் மேடம். ஆஸ்பத்திரியின் திசு பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை டெக்னீஷியன். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பது அங்கே வேலை. அதில் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடினாலும் குறைந்தாலும் மேடத்தின் குரல் வாசல்வரை கேட்கும். அதனால் அந்தப் பெயர்.

வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு வயது நாற்பத்து மூன்று. தையல் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனதும் இந்தக் கூடத்தில் டெக்னீஷியன் பயிற்சிக்குச் சேர்ந்தவள். “இந்த வயசுல படிப்பா? மூக்குக் கண்ணாடியை மறக்காம எடுத்துட்டுப் போ” என்று வழியனுப்பிய புருஷன் வீட்டில், மேடம் இங்கே. நடுவில் பஸ்ஸில் கழியும் நாற்பது நிமிடம்தான் பாவம், அவளுக்கு நிம்மதி.

மறுநாளோடு பயிற்சி முடிகிறது. மேடம் கையெழுத்துப் போட்டால் அங்கேயே வேலை. போடாவிட்டால் பத்து மாதமும் பாழ்.

“கடைசியா ஒரு பரீட்சை வெச்சிருக்கேன்” என்று மேடம் ஐஸ் தட்டிலிருந்து ஒரு மெழுகு பிளாக்கை எடுத்து நீட்டினாள். மேலே எண் மட்டும் இருந்தது. நடுவில் அரை அரிசி அளவுக்கு ஒரு துண்டு. “ஊசி விட்டு எடுத்தது. கொஞ்சம் ஆழமாச் சீவினீங்கன்னா மொத்தமும் போச்சு. நல்லா வந்தா கையெழுத்து. இல்லேன்னா வீட்ல இருக்கிற மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைங்க.”

டெய்லரக்கா பிளாக்கைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “இத்தனூண்டா இருக்கே மேடம். அண்ணன்கிட்டக் குடுக்கலாமே?”

அண்ணன் என்றது பக்கத்து மேசைக்காரரை. இருபது வருட சர்வீஸ். ‘தங்கக் கை’ என்று அவருக்குப் பட்டம் கொடுத்ததே மேடம்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பார்க்காமலே சீவுகிற மிஷினின் சக்கரத்தைச் சுற்றுவார். சீவலை மிதக்கவிடும் வெந்நீர்த் தொட்டியை ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தின ஆளின் துணுக்கு அடுத்த ஆளின் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் துடைக்க மாட்டார். போன மாதம் ஒரு ஆம்பளைக்குக் கர்ப்பப்பை இருப்பதாக ரிப்போர்ட் போக இருந்தது. அதற்குக்கூட மேடம் திட்டவில்லையே! “தங்கக் கை சார் உங்களுக்கு! இல்லாததையும் உண்டாக்குது!” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

டெய்லரக்கா தொட்டியை இரண்டு தடவை துடைத்தால் மட்டும், “என்னக்கா, வெள்ளையடிக்கிறீங்களா?” என்று கேட்பாள்.

இப்போதும் அதே குரல்தான். “அவர் கையா? அது தங்கம்க்கா. பெட்டியில வெச்சுப் பூட்ட வேண்டியது. இந்த அரை அரிசிக்கெல்லாம் வெளியே எடுக்கலாமா? நீங்களே வெட்டுங்க.”

டெய்லரக்கா பிளாக்கைப் பொருத்தினாள். மேடம் கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

“மூச்சை விடுங்கக்கா. அப்புறம் உங்களையும் மெழுகுல பதிக்கணும்.”

சக்கரம் சுற்றியது. கத்தி முனையிலிருந்து சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய நாடாவாக இறங்கின. தொட்டியை இரண்டு தடவை துடைத்தாள். யாரும் வெள்ளையடிக்கிறீங்களா என்று கேட்கவில்லை. நாடாவை மிதக்கவிட்டு, சுருக்கம் இல்லாமல் ஸ்லைடில் ஏந்தினாள்.

“ம்… கிழிஞ்ச கொசுவலை மாதிரி இல்ல” என்றாள் மேடம். பத்து மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான். “சாயமும் நீங்களே போடுங்க. என் கைக்கு இன்னைக்கு லீவு.”

மறுநாள் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இதை வெட்டினது யாரு?” என்றார்.

“நான்தான் சார். மடிப்பு ஏதாவது விழுந்திருக்கா?”

“நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கலம்மா. இவ்வளவு சுத்தமா இருக்கிறதாலதான் அடிச்சுச் சொல்ல முடியுது. கெட்டது எதுவும் இல்ல. சாதாரணக் கட்டிதான்.”

டெய்லரக்கா உயிர் வந்தவளாகக் கையெழுத்துக்காக மேடம் பக்கம் திரும்பினாள். டாக்டர் உட்காரச் சொல்லாமலே மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து வெளியே வந்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“இனிமேலாவது சாப்பிட்டுத் தூங்குங்க மேடம்” என்றார் டாக்டர். “அது சரி, தங்கக் கை பக்கத்துலயே இருக்கும்போது, உங்க மார்புல எடுத்த துண்டைப் போய் பயிற்சிக்கு வந்தவங்ககிட்ட எதுக்குக் குடுத்தீங்க?”

மேடம் சான்றிதழை இழுத்துக் கையெழுத்துப் போட்டபடியே சொன்னாள்: “எனக்கு உயிர்மேல ஆசை இருக்கு சார்!”

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கும் அந்த ஸ்லைடில் ஏறுகிற வேளை வர வேண்டாம். வந்தாலும், தொட்டியை இரண்டு தடவை துடைக்கிற ஒருத்தி கையில் சேர்ந்து, நல்ல சேதியாகவே வீடு திரும்பட்டும்.